சப்பாத்துச் சத்தத்துக்குக் குரைத்த நாய்

எண்பதுகளின் நடுவில், பாரிஸ் நகரின் லா சப்பலில் ஓர் அறைக்குள் நாங்கள் ஐந்து பேரும் ராசன் அண்ணையின் நாய் ஜிம்மியும் இருந்தோம். சப்பாத்துக் கால்களின் சத்தம் கேட்டால் குரைக்க அதைப் பழக்கியிருந்தோம். ஊரில் இலங்கை ஆமி வரும்போது நாய்கள் குரைத்துத்தானே பின்வேலியால் ஓடித் தப்பினோம். நாலாம் மாடிக்குப் பின்வேலி இல்லை என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு காலை, விசா சோதிக்கப் பொலிஸ் வந்தது. சப்பாத்துகள் படியேற ஏற, ஜிம்மி கதவடியில் நின்று வெறிகொண்டு குரைத்தது. கதவு திறந்ததும், முன்னால் நின்ற இளம் பொலிஸ்காரன் இடுப்பிலிருந்த துவக்கை எடுத்து நாயை நோக்கி நீட்டிவிட்டான்.

"கடிக்காது எண்டு சொல்லடா தம்பி! உனக்குத்தானே பிரெஞ்சு தெரியும்!" என்று அண்ணை கத்தினார்.

நான் பொலிஸ்காரனை விட்டு அண்ணையிடம் திரும்பினேன். "முதல்ல அதைப் பிடியுங்கோ அண்ணை!" என்றேன்.

"ஜிம்மி, இஞ்சை வா!"

அது குரைப்பை நிறுத்தி, அவரைப் பார்த்து வாலாட்டியது. அப்போதுதான் துவக்கு வெடித்தது.

அண்ணை நாயை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு அழுதார். நான் சுட்டவனின் கையைப் பார்த்தேன். அது கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

துவக்கு வைத்திருப்பவனுக்குப் பயமில்லை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். இப்போது யார் இடுப்பில் துவக்கைக் கண்டாலும், அவர் கை நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.