முன்னால் போய்ப் பார்க்காத குதிரை

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். வீடு விருதுநகரில். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறொரு வேலை இருந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்டர் குதிரைகளை வாங்கி வந்து, அவற்றின் ரோஸ் நிறத்தையும் ஜிகினாவையும் உப்புத்தாளால் தேய்த்தெடுப்பேன். காலை அறுத்துக் கம்பி வைத்து மடக்கி ஒட்டி, சணலைப் பிரித்துப் பிடரி ஒட்டி, எண்ணெய் வர்ணம் தீட்டுவேன். உயிருள்ளதுபோல் இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

சிவகாசி ஸ்டேஷனிலிருந்து அச்சகம் வரை தினமும் ஒரே குதிரை வண்டியில்தான் போவேன். சில நாட்களாக அந்த வண்டிக்காரரைக் காணவில்லை. ஒரு மாலை அச்சக வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நம்ம குருதை மாதிரியே ஒண்ணு செஞ்சு தருவீகளா? அன்னைக்கு மடியில வச்சுக்கிட்டு வந்தீகளே, அது மாதிரி."

"குதிரைதான் உங்ககிட்டயே இருக்கே?"

"வித்துட்டேன். இப்ப யாரு வண்டியில ஏறுதா? வீட்டுல கேக்காம வித்துட்டேன். அதுக்குத் தீனி வச்சது பூராம் அவதான். அன்னையிலருந்து எங்கூடப் பேச மாட்டேங்கா."

அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. ஒப்புக்கொண்டேன்.

இதுவரை எந்தக் குதிரைக்கும் அப்படி உழைத்ததில்லை. செம்பழுப்பில் கொஞ்சம் கறுப்புக் கலந்து முதுகு, அது காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய பூச்சு. சேணப் பட்டை உராய்ந்து முடி போன இடம், இடது தொடையில் இருந்த பழைய வடு, மெலிந்த வால் எல்லாமே கைக்குத் தானாக வந்தன. முகத்துக்கு வந்தபோது தூரிகை நின்றுவிட்டது. எத்தனையோ நாள் வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து அதன் முதுகையே பார்த்திருக்கிறேன். இறங்கியதும் வண்டியின் பின்புறமாகவே நடந்து அச்சகத்துக்குள் போய்விடுவேன். ஒரு நாளும் முன்னால் போய் நின்றதில்லை.

வண்டிக்காரரைக் கேட்டேன். "நெத்தியில வெள்ளை இருக்கும், அண்ணாச்சி," என்றார். அவ்வளவுதான் அவருக்கும் சொல்லத் தெரிந்தது. மீதியை என் கைப்பழக்கத்தில் முடித்தேன்.

வர்ணம் காய்ந்ததும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். காகிதத்தைப் பிரித்தபோது பொம்மையின் பின்பக்கம் அவர் மனைவியைப் பார்த்து இருந்தது. அந்த அம்மா தொடை வடுவை விரலால் தொட்டார்.

"ஆத்தே, அதேதான்!"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. பிறகு பொம்மையைத் திருப்பினார். முகத்தைப் பார்த்தார்.

"இது யாரு, அண்ணாச்சி?"

பொம்மையின் கண்ணுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினார்.

"அவளுக்கு ஒரு கண்ணுல எப்பவும் தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கும். கீழ் உதடு தொங்கும். இம்புட்டு அழகா இருக்க மாட்டா."

திருத்தித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், நீங்க பட்ட பாடு போதும்," என்று சொல்லிவிட்டுப் புருஷனிடம் திரும்பினார். "வாங்கிட்டுப் போனவன் எந்த ஊருக்காரன்?"

அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் அந்த அம்மா பேசிய முதல் பேச்சு அதுதான். மறுநாளே இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். வாங்கியவன் குதிரையை வேறு யாருக்கோ கைமாற்றியிருந்தான். எங்கே போனது என்று தெரியாமலே திரும்பினார்கள். தீபாவளி சீசன் தொடங்கியதும் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குக் குடிபோய்விட்டார்கள்.

அவர்கள் போனபின்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வர்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போயிருக்கலாம். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கண்ணையும் உதட்டையும் தீட்டியிருக்கலாம். எண்ணெய் வர்ணம் சீக்கிரம் காயாது. பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி தீட்ட எவ்வளவோ நேரம் கொடுக்கும். வேண்டாம் என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் எழுந்து வந்துவிட்டேன்.