பன்னிரண்டாவது திரை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழந்துணிக் கிடங்கு வைத்திருக்கும் உபைதுல்லா பாய்க்கு வயது ஐம்பத்தெட்டு. இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் அவர் வீட்டு மாடி அறை முழுக்க விமானக் கம்பெனிகளின் பழைய சாமான்கள்தான். சாப்பாட்டு அட்டை, பெட்டியில் கட்டும் சீட்டு, முத்திரை குத்திய ஸ்பூன், பணிப்பெண்கள் கழுத்தில் கட்டிய பூப்போட்ட துணி, இருக்கைத் தலைமாட்டு உறை.

பக்கத்துக் கடையில் மிக்சி ரிப்பேர் செய்கிறவன் நான். எனக்கு இதெல்லாம் முதலில் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

"ஸ்பூன கண்ணாடிப் பொட்டில வச்சு அழகு பாக்கறீங்களே, இன்னா பாய் இது?" என்று சீண்டுவேன்.

"ஞானதாசு, இது முப்பதாயிரம் அடி ஒசரத்துல சோறு துன்ன ஸ்பூனுப்பா" என்பார்.

சாமான்களில் பாதி மூட்டையில் வந்தவை. சென்னையில் ஏலம் போகும் பழந்துணி அவர் கிடங்குக்கு வரும். பொத்தான், ஜிப், தடித்த ஓரம் எல்லாவற்றையும் வெட்டியெறிந்து, சதுரமாக நறுக்கி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மிஷின் துடைக்க அனுப்புவார். அவருடைய தகப்பனார் அப்துல் ஜப்பார் காலத்திலிருந்து கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைப் பிரிக்கிறவருக்கே அதில் மேலே கிடக்கும் முதல் துணி. அது பட்டோ கந்தலோ, முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

பதினோரு வருடத்துக்கு முன்பு, மூடிப்போன ஒரு விமானக் கம்பெனியின் திரைத்துணி மூட்டை வந்தது. ஓரத்தை வெட்டக் கத்தரிக்கோலை வைத்த நேரத்தில் பாய் கவனித்துவிட்டார். எல்லாத் திரையிலும் மேலேயிருந்து பார்த்த பூமி அச்சாகியிருந்தது. ஓரத்தில் எண். முதல் திரையில் பனிமலைமேல் நூல் கனத்துக்கு ஒரு ஓடை. அடுத்ததில் அது காட்டுக்குள் இறங்கியது. திரைகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரே ஆறு, எங்கும் அறுபடாமல், ஊர்களையும் வயல்களையும் சுற்றிக்கொண்டு அகலமாகிக்கொண்டே போனது.

அதை மாடியில் விரித்துக் காட்டிய அன்று குனிந்து பார்த்தவன் நிமிர மறந்துவிட்டேன். நாம் நடக்கிற இந்த மண்ணா இவ்வளவு அழகு?

மொத்தம் பன்னிரண்டு என்று ஓரத்தில் போட்டிருந்தது. இருந்ததோ பதினொன்று. பதினொன்றாவதில் ஆறு கரைபுரண்டு நின்றது. அதன் பிறகு எங்கே போனது? பாய் பெங்களூருக்கு எழுதினார், மும்பைக்கு எழுதினார். தன்னைப் போன்ற சேகரிப்பாளர்களை இணையத்தில் தேடிப்பிடித்துக் கெஞ்சினார். ஒருவரிடமும் இல்லை.

"அத்தப் பாக்காம கண்ண மூடி மவுத்தாயிட்டா, ஆறு பாதி வழியில நின்ன மாதிரிதாம்பா" என்றார் ஒருநாள். கண் கலங்கியிருந்தது. அன்றோடு கிண்டலை நிறுத்திக்கொண்டேன்.

இந்தத் தை மாதம், கிடங்கில் இருபது வருடமாக மூட்டை பிரிக்கும் சின்னபொண்ணு கால் பிசகி மூன்று நாள் வரவில்லை. பன் பாக்கெட்டோடு பாய் பார்க்கக் கிளம்பினார். நானும் போனேன். ஏரிக்கரையோரம் இருக்கும் இருளர் குடியிருப்பில் அவர் வீடு. இத்தனை வருடத்தில் பாய் அங்கே போனதே இல்லை.

வாசல்படியில் பாய் அப்படியே நின்றுவிட்டார். கதவோரம் ஒதுக்கிவிட்டிருந்த திரை வெயிலில் வெளுத்த நீலம். ஓரத்தில் எண் பன்னிரண்டு.

"இன்னா பாய், உள்ள வராம தொணியயே பாத்துக்கினு நிக்கறீங்க?"

"இது... இது ஏதும்மா?"

"அந்தத் தெர மூட்டையப் பிரிச்சது நான்தானே? மேல கெடந்தது இதான். பெரிய பாய் வச்ச வழக்கம், எத்துக்கினு வந்துட்டேன்."

ஊரெல்லாம் தேடியவருக்குத் தன் கிடங்கு வழக்கம் தோன்றவே இல்லை. புதுத் திரை வாங்கித் தருகிறேன், இதைக் கொடு என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சின்னபொண்ணு தலையாட்டி மறுத்தார்.

"கதவு போடறதுக்கு முன்னால நாலு வருசம் இதான் பாய் எங்களுக்குக் கதவு. எம்பொண்ணு பிரியங்கா வயசுக்கு வந்தப்ப இதுக்குப் பின்னாலதான் ஒக்காந்துக்கினு இருந்தா. குடுக்க மனசு வரல." பாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க கைல பதினொண்ணு கீது. எங்கைல ஒண்ணு. அத்தினியும் எத்துக்கினு இங்க வாங்களேன்."

திரையை விரித்துக் காட்ட அவர் எழுந்தபோது பாய் கண்ணை மூடிக்கொண்டார். "வேணாம்மா. வரிசையோட பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அந்துருண்டை வாசம் அடிக்கும் பதினோரு திரைகளையும் மாட்டினோம். குடியிருப்பே கூடிவிட்டது. சின்னபொண்ணு நொண்டிக்கொண்டே தன் திரையைக் கொண்டுவந்து கடைசியில் மாட்டினார். ஆறு கடலில் கலந்தது.

அடிப்பக்கம் மட்டும் ஒரு சாண் குட்டையாக இருந்தது. வாசல் அளவுக்கு மடித்துத் தைத்திருந்தார்.

"அங்க ஏதோ கறை இருந்துச்சி பாய், உள்ள மடக்கி வுட்டேன்" என்றார். பழந்துணி பிரிக்கிற கண்ணுக்கு முதலில் தெரிவது கறைதானே. அவரே பிளேடால் தையலைப் பிரித்தார். வெயிலே படாத கருநீலம் ஒரு சாண் இறங்கியது. அந்தத் தண்ணீர்மேல், உள்ளங்கை அளவுக்கு ஒரு விமானத்தின் நிழல்.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கறை இல்லம்மா அது. இம்மாம் நேரம் நாம அந்த ப்ளேன்ல குந்திக்கினுதான் பாத்துக்கினு வந்தோம்."

சின்னபொண்ணு நிழலைப் பார்த்தார். பிறகு பனிமலைக்குப் போய், முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டே நடந்து வந்தார், கால்வலி மறந்து.

மத்தியானமே அந்தத் திரை அவர் வாசலுக்குத் திரும்பிவிட்டது. இப்போது அது தரையில் புரள்கிறது. மறுபடி மடித்துத் தைக்க அவருக்கு மனசில்லை.