பிரேக்கும் என் மனைவியின் காலும்

என் மனைவி ஐம்பத்து மூன்றாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முசிறியில் தனியாக இருக்கும் தன் அக்காவை நினைத்தபோது போய்ப் பார்க்க வேண்டும், அதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். என் முகமும் அப்படிப்பட்டதுதான். வாய் ‘ஆகட்டும்’ என்று சொல்லும். முகம் வேறு சொல்லும்.

லைசென்ஸ் வாங்கிய பிறகு சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து முசிறி போய் மாலைக்குள் திரும்பிவிடுவாள். முதல் நான்கு வாரம் வழி காட்டுகிறேன் என்று நானும் தொற்றிக்கொண்டேன். காவிரியை ஒட்டி நேராகப் போகிற ரோட்டில் காட்ட என்ன வழி இருக்கிறது? என் மேதாவித்தனத்தைத்தான் காட்டிக்கொண்டு போனேன். அதன்பின் அவள் தனியாகவே போக ஆரம்பித்தாள். திரும்பி வந்து இறங்கும்போது அவள் முகத்தில் ஒரு களை இருக்கும்.

அப்போது திருவெள்ளறையில் ஒரு உறவினர் காலமானார். பங்குனி வெயிலில் நான் மட்டும் காரில் போய்வந்தேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவது எங்கள் வழக்கம். என் அப்பா தன் சைக்கிளுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் விடுவார். நான் அந்தச் சம்பிரதாயத்தைக் காருக்கு உயர்த்தியவன். வழியெல்லாம் லாரிகளுக்குப் பின்னால் பிரேக் போட்டுக்கொண்டே வந்த வண்டியை வாசலில் நிறுத்திய கையோடு, நாலு சக்கரத்துக்கும் நாலு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினேன். சுர்ரென்று ஆவி கிளம்பியது. தீட்டுதான் கிளம்புகிறது என்று திருப்தியாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை முசிறியிலிருந்து வந்தவள், “ஏன்னா, பிரேக் போட்டா ஸ்டியரிங் உதறறது” என்றாள்.

“ஸ்டியரிங் உதறலை. உன் கால் நடுங்கறது. நீ பிரேக்கை மிதிக்கறே, அழுத்தணும்” என்றேன். வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைத் தரையில் வைத்து எப்படி அழுத்துவது என்று செய்தும் காட்டினேன்.

அவள் நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் பூப்போல பிரேக்கைத் தொட்டு ஓட்டியதில் குணசீலம் பக்கத்தில் ஒரு எருமை மயிரிழையில் தப்பியது. வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினாள். “எனக்கு இது ஆகாது” என்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து டோல்கேட் ஸ்டாப்புக்குப் போய் முசிறி பஸ் பிடித்தாள். என் கணிப்பு சரியாகிவிட்டதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

பிறகு நான் ஓட்டினேன். எனக்கும் உதறியது. இவள் ஓட்டிக் கெடுத்துவிட்டாள் என்பதுதான் முதலில் தோன்றியது. அடுத்து, காவிரிப் பாலத்தின் இணைப்புகளைக் குற்றம் சொன்னேன். டயரில் காற்றை மாற்றினேன், வீல் பேலன்சிங் செய்தேன், அலைன்மென்ட் பார்த்தேன். கார் அசைந்து கொடுக்கவில்லை. பிரேக் போட்டால் மட்டும் ஆடியது.

கடைசியில் மன்னார்புரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “சும்மா போறப்ப ஆடலைங்க. பிரேக் போட்டா ஸ்டியரிங்தான் ஆடுது. முன்பக்க பிரேக் டிஸ்க்கைப் பார்ப்போம்” என்றார். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் மேல் ஒரு முள் அளவியைப் பொருத்தி, மெதுவாகச் சுற்றினார். முள் அங்கும் இங்கும் போனது.

“டிஸ்க் கோணியிருக்கு. வண்டி சூடா இருக்கறப்ப தண்ணி எதுவும் பட்டுச்சா?”

நாலு வாளிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சார் என்ன வேலை பார்க்கறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

முப்பத்தொரு வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். பழுக்கக் காய்ந்த உலோகம் சட்டென்று குளிர்ந்தால் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் பரீட்சையில் கேட்டு, தப்பாக எழுதியவர்களைத் திட்டியவன்.

“சரித்திர வாத்தியார்” என்றேன்.

“அப்ப சரிங்க” என்றார்.

இரண்டு டிஸ்க்கும் பிரேக் பேடும் புதிதாக மாற்றி, நட்டுகளை எதிரும் புதிருமாக முடுக்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆளில்லாத இடங்களிலெல்லாம் வேண்டுமென்றே பிரேக் போட்டுப் பார்த்தேன். ஸ்டியரிங் அசையவில்லை.

வீட்டில் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், சரித்திர வாத்தியார் உட்பட. “உன் கால் மேல தப்பே இல்லை. நான் ஊத்தின தண்ணிதான்” என்று சாவியை நீட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “என் கால் நடுங்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க சொன்னப்புறம்தான் நடுங்க ஆரம்பிச்சுது. இன்னும் நிக்கலை” என்றாள்.

நீட்டிய சாவி என் கையிலேயே இருந்தது.

“சனிக்கிழமை டோல்கேட் வரைக்கும் கொண்டு விடுங்கோ. போறும்” என்று மறுபடி கத்தியை எடுத்தாள்.

கொண்டு விட்டேன். டோல்கேட்டில் பிரேக்கை அழுத்தியதும் வண்டி ஒரு நடுக்கமும் இல்லாமல் நின்றது. அவள் கதவைத் திறந்து இறங்கி, முசிறி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.