நற்கருணைப் பேழையின் சாவி

மணி அடித்துப் பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் கோயில்பிள்ளைக்கு வாய்த்த புத்தியை என்னவென்று சொல்ல! பங்குக் கோயில் மராமத்துக்காக எட்டு மாதம் மூடிக் கிடந்தபோது, திருடன் வந்துவிடுவான் என்று பயந்து, பீடத்தில் நற்கருணை அப்பத்தை வைத்துப் பூட்டும் பேழையின் சாவியை ஒளித்து வைத்தார். முதலில் மெழுகுவர்த்திப் பெட்டியில். மனம் ஒப்பாமல் பூசை உடுப்பு அலமாரியில். அதுவும் சரிப்படாமல் வீட்டு அரிசி டப்பாவில். அப்புறம் எங்கே? அதுதான் அவருக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் திறக்கிறது. சாமியார் தன் வீட்டில் வைத்திருக்கும் நற்கருணையைப் பவனியாகக் கொண்டுவந்து பேழைக்குள் வைக்க வேண்டும். சாவி இல்லை என்று தெரிந்தால் வேலை போச்சு. பங்குப் பேரவைத் தலைவர் தன் மச்சானை அந்த இடத்தில் கொண்டுவர எப்போதிருந்தோ துடியாய்த் துடிக்கிறார். இருபத்தாறு வருஷம் மணி அடித்த இவருக்கோ வேறு வேலை தெரியாது.

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பாவ அறிக்கையோடு அறிக்கையாகச் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடுங்க," என்றார் சாமியார். அதான் உங்களிடமே சொல்லியாச்சே என்று நினைத்துக்கொண்டு இவர் எழுந்து வந்துவிட்டார்.

வெளியே வந்த சாமியார் பூட்டுக்காரரைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், மழை வருமா என்று விசாரிக்கிறார்! கோயில்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சுகளைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஊரே பார்க்க நம்மை மாட்டிவிடப் போகிறாரோ என்ற பயம் வேறு.

காலையில் மனைவியிடம் புலம்பினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மனுஷா! பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை சாமியார் வெளிய மூச்சு விட முடியுமா? தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக்கூடக் கூடாதே! இத்தனை வருஷம் கோயில்ல என்னத்த கிழிச்சீங்க?"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். சாமியார் பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், வேறு யார், தலைவர்தான்.

"சாமி, பேழைச் சாவி தொலைஞ்சு போச்சு. நான்தான் தொலைச்சேன்."

"அப்படியா? எப்போ?" என்றார் சாமியார், இப்போதுதான் கேட்பவர் போல. மெழுகுவர்த்திப் பெட்டி முதல் அரிசி டப்பா வரை இவர் மறுபடி ஒப்பிக்க வேண்டியிருந்தது.

தலைவர் சும்மா இருப்பாரா? "கடவுள் வீட்டுச் சாவியையே தொலைச்சிருக்காரு! என் மச்சான் வீட்லதான் இருக்கான் சாமி."

கோயில்பிள்ளை இடுப்பிலிருந்த மற்ற சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினார். சாமியார் அதை வாங்கவில்லை.

"பூசை அரை மணி தள்ளித் தொடங்கட்டும். நீங்க போய் பூட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க. புதுப் பூட்டுக்கு ரெண்டு சாவி போடச் சொல்லுங்க. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட."

"திரும்பவும் இவர்கிட்டயா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. நான் தொலைச்சிட்டா யாரைப் போய்க் கேக்கறது?"