கறுப்புக் கோட்டும் கொழுந்து மருந்தும்

ஹோட்டலில் எனக்குக் கொடுத்த கோட்டு கறுப்பு. தைத்த புண்ணியவானுக்கு வேறு நிறத்தில் துணியே கிடைக்கவில்லை போலிருக்கிறது. நுவரெலியாவில், சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிற வேலை. ஆறு மாதம் பயிற்சி. அவர்களுக்குப் பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீட்டுக்கு. என் பரிமாறலை யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் தலையில் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு தட்டைத் தூக்குவதற்குள் இரண்டு தோளிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடுகு கொட்டியிருக்கும்.

மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இழுப்பறையில் ஒரு சின்ன பிரஷ் வைத்திருந்தார். விருந்தினர் வருவதற்கு முன்னால் என்னை மூலைக்கு அழைத்து, யாரும் பார்க்காதபடி தோளைத் துடைத்துவிடுவார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போகும். ஒரு நாள் மத்தியானம் ஒரு வெளிநாட்டு அம்மாவுக்குக் குனிந்து சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். கருநீல மேசைவிரிப்பில், கிண்ணத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஏதோ விழுந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார். கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் மிஸ் என்னை உட்காரவைத்துப் பேசினார். இந்தத் தலையோடு சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்தில் தன்னால் பேச முடியாதாம். பயிற்சி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, அதற்குள் சரிசெய்துகொள் என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தாலாவது திருப்பிக் கோபப்பட்டிருப்பேன்.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு புல்லுக்கும் கொழுந்து நோய்க்கும் அடித்தபடி மலை மலையாக ஏறி இறங்க வேண்டும். காலையில் இருமி முடித்த பிறகுதான் அவர் தொண்டைக்குள் தேத்தண்ணீர் இறங்கும். நான் நிரந்தரமானதும் அவரை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். அவரிடம் சொன்னால், தனக்கு ஒரு கேடும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சட்டையை உதறி மாட்டிக்கொண்டு, ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

பொடுகு என்று சொன்னால் போதும், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் வைத்தியர்தான். ஒருத்தி வெந்தயம் அரைத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி தேசிக்காயைத் தேய்க்கச் சொன்னாள். அம்மா தேங்காய் எண்ணெயைத் தவிர எதையும் நம்பமாட்டாள். காய்ந்த தலைக்கு எண்ணெய் வேண்டாமா என்று உள்ளங்கை நிறைய ஊற்றி அரக்கித் தேய்ப்பாள். விடியற்காலையில் பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீரில் குளித்து, ஈரம் காயாமலே கொண்டை போட்டு, பஸ் ஏறி ஓடுவேன். நானுஓயா தாண்டுவதற்குள் அரிப்பு தொடங்கிவிடும். சொறிந்தால் பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்காருவார். சொறியாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

கடைசியில் டவுனில் பார்மசி வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் போனேன். என் வகிட்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"இது அழுக்கில்ல தங்கச்சி, பூஞ்சணம். எண்ணெய் வெச்சா அதுக்குத் தீனி போட்ட மாதிரி."

ஒரு மருந்து ஷாம்பு கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு தடவை போட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவி, முடி நன்றாகக் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். அடங்குவதற்கு சில வாரம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். பொறுமைக்கு நான் எங்கே போவேன்? மாதம் முடியப் பத்து நாளோ என்னவோதான் மிச்சம். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து ஷாம்புப் போத்தலை மேசையில் குத்தி வைத்து, இவ்வளவு நாளும் எண்ணெய் ஊற்றி ஊற்றிப் பூஞ்சணத்தை வளர்த்திருக்கிறாய் என்று அம்மா மேல் பாய்ந்தேன்.

மூலையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். பூஞ்சணம் என்றா சொன்னார்கள் என்று கேட்டார். எழுந்து வந்து என் தலையை விளக்குக்கு நேராகத் திருப்பி, முடியை விலக்கிப் பார்த்தார். மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாக ஒரு நோய் வரும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதுவும் பூஞ்சணம்தான் என்று தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஆட்களிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறார். வருடக் கணக்காக அதற்குத்தான் அப்பா மருந்தடிக்கிறார்.

"இதுக்கா புள்ள இந்தப் பாடு படுற? கொழுந்துல இதே வெள்ளைதான். ரெண்டு தடவ மருந்தடிச்சா இருந்த எடம் தெரியாது" என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மலை முழுக்கப் பரவுகிற நோயை நிறுத்துகிற மருந்து ஒரு தலையை என்ன செய்துவிடும்? அம்மா மட்டும் வாசலில் நின்று, வேண்டாங்க, அது செடிக்குப் போடுறது என்று முனகிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பகல். ஒரு பொலித்தீன் பையில் மடித்து எடுத்து வந்திருந்த பச்சைப் பொடியை, தயிர்க் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தார். டாங்கிக்குப் போடுகிற அளவில் பாதிக்கும் பாதிதான் என்று எனக்குக் காட்டினார். நான் வயதுக்கு வந்த பிறகு அப்பா என் தலையைத் தொட்டதே இல்லை. அன்று வகிடு வகிடாகப் பிரித்து, ஒரு இடம் விடாமல் விரலால் தடவினார். அவர் விரல் அவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்த தலை அது. கொஞ்ச நேரத்தில் பிடித்து எரிய ஆரம்பித்தது. எரியுதுப்பா என்றேன். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், பொறுத்துக்கொள் என்றார். பொறுத்தேன். ஐயோ, அப்படிப் பொறுத்தேன். மிஸ்ஸின் பிரஷை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண்ணிமை கனத்து, காதுக்குப் பின்னால் தோல் இழுத்துக்கொண்டு வந்தபோது அம்மா என்னைப் பீலிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பச்சையாகத் தண்ணீர் ஓடியது. கழுவக் கழுவ எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு கண் மூடியே விட்டது. அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அப்பா ஓட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் என்ன போட்டாய் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். இளவயதுப் பெண். நான் அப்பாவைப் பார்த்தேன். மருந்து தோட்டத்து ஸ்டோரில் இருந்து வந்தது. வெளியே தெரிந்தால் திருட்டுப் பட்டம் கட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தப் பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது.

"நான் தெனம் இதுலதாங்க நனையிறேன். எனக்கு ஒண்ணும் பண்ணல. அதான் புள்ளைக்கும் பண்ணாதுன்னு நெனச்சேன்" என்றார்.

அதைச் சிங்களத்தில் நான்தான் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்பாவின் கையைப் பிடித்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். தோல் வெடித்துச் செதில் செதிலாக உரிந்து, மடிப்புகளில் கறுத்துப்போயிருந்தது. சட்டையை விலக்கினால், டாங்கி உரசுகிற இடத்தில், கழுத்தெல்லாம் அதே கதி. கையுறை இல்லையா, முகமூடி இல்லையா என்று கேட்டார். எப்போதோ ஒரு முறை கொடுத்தார்கள், கிழிந்துவிட்டது என்றார் அப்பா. எவ்வளவு நாளாக இருமல் என்று கேட்டதற்கு, அது தோட்டத்தில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்றார். பிறகு டாக்டர் என்னிடம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். 

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அப்பா.

"எனக்கு இன்னைக்கு ஆனதுதான் உங்களுக்கு இத்தன வருசமா ஆயிக்கிட்டு இருக்காம்ப்பா."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.  நர்ஸ் என் முடியை ஒட்ட வெட்டியபோது மட்டும் வெளியே எழுந்து போனார். அன்றிரவே மருந்து கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அப்பா வழக்கம்போல டாங்கியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கத்தினேன், அழுதேன். உன் விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். அவர் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு யார் மேலும் வந்ததில்லை.

வீக்கம் வடிந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். மிஸ் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அழக்கூடாது என்று முடிவு கட்டிப் போயிருந்தேன், முடியவில்லை. மண்டபத்துக்கு உன்னை இப்போது விடமுடியாது என்று அவர் சொன்னதும் எல்லாம் போயிற்று என்று திரும்பி நடந்தேன். அவர் பின்னாலேயே வந்து, உனக்கு மூன்று மொழியும் வருமல்லவா என்றார். பின்பக்கம் முன்பதிவுக்குப் போன் எடுக்கிற அறையில் ஆள் இல்லையாம். மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு அங்கேயே நிரந்தரமாக்கினார்கள். வெட்டிய முடி சீக்கிரம் காய்ந்தது. நானா கொடுத்த அதே ஷாம்புதான், இரண்டு மாதத்தில் பொடுகும் அடங்கியது.

வேலை நிரந்தரமான அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.  அப்பா பூட்ஸ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண்டாக்கையாவிடம் லீவு கேட்கிற அதே குரலில் என்னிடம் கேட்டார்.

"அப்ப நாளைக்கு நான் போகாம இருக்கலாமா புள்ள?"