கம்முனு இருந்தவரை நான்தான் பேச வைத்தேன்

நீங்கள் இருக்கும் போன் குழுக்களில் கடைசியாக எப்போது வாயைத் திறந்தீர்கள்? கட்டைவிரல் கணக்கில் வராது. கும்பிடும் கைகளும் வராது. இதையெல்லாம் கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லையா? அப்படியானால் நான் வலை வீசித் தேடிக்கொண்டிருந்த ஆள் நீங்கள்தான். எங்கள் குடியிருப்பில் இல்லாததால் தப்பித்தீர்கள்.

எங்களுடையது திருவொற்றியூரில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. காற்று திரும்பினால் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனி நாற்றம் நேராக வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்காரும். அழுகிய முட்டையையும் எரிந்த ரப்பரையும் சேர்த்துக் கிண்டின மாதிரி. யார் மூக்கில் முதலில் ஏறுகிறதோ அவர் குழுவில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஜன்னலைச் சாத்த வேண்டும். குழு ஆரம்பித்ததே அதற்குத்தான். உறுப்பினர்கள் தொண்ணூறு பேர், பேசுகிறவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் தினமும் ரோஜாப் பூ. ஒருவர் வாழைத்தண்டு ஜூஸ் வைத்தியம். இன்னொருவர் எதற்கும் 'உண்மை' என்று போடுவார். தண்ணீர் லாரி வராது என்றாலும் உண்மை, வந்துவிட்டது என்றாலும் உண்மை.

அட்மின் நான். கம்பெனிகளின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆபீஸில் வேலை. அங்கே ஒரு நாள் ஏசி ரூமில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, பயிற்சி நடத்தினார்கள். பேசாத உறுப்பினர்கள்தான் குழுவின் புதையலாம். தோண்டி எடுக்க வேண்டுமாம். நான் கடப்பாறையோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் தோண்டல், ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி. 'உங்களுக்குப் பிடித்த காலை டிபன் எது?' எல்லாரும் படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. பதில் ஒன்றுகூட இல்லை. பத்து நிமிஷம் கழித்து, இரண்டாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"பாப்பா! எனுக்கு இட்லி வடகறி!"

"அக்கா, அத குரூப்ல போடுங்கக்கா!"

"அதான் சொல்ட்டேனே. இன்னொருவாட்டி இன்னாத்துக்கு போட்டுகினு?"

எதிர் பிளாக்கிலிருந்து இன்னொரு குரல் வந்தது: "எனுக்கு பூரி, எழுதிக்கோ!" அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் பால்கனியிலிருந்தே வாக்களித்துவிட்டார்கள். போனில் பூஜ்யம். நான் அடுத்து 'இந்த வாரத்தின் அமைதிப் புறா' என்று ஒரு விருது ஆரம்பித்தேன். விருது வாங்கிய முதல் புறா அன்றே குழுவிலிருந்து பறந்துவிட்டது. எங்கம்மா சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்: "ஊர்ல கீறவன் வாயெல்லாம் தொறக்கறதுக்கு நீ இன்னா பல்லு டாக்டரா?"

சரி, பெரிய புதையலுக்கு வருகிறேன். தரைத்தளத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். அந்தக் கம்பெனிக்குள்ளேயே பைப் லைன் வேலை, காண்ட்ராக்ட் ஆள். குழுவில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. ஆனால் குழுவில் வந்த உருப்படியான தகவல் எல்லாம் அவருடையதுதான். காலையில் வண்டியை மிதித்துக்கொண்டே என்னிடம் சொல்வார்: "பாப்பா, இன்னிக்கி லைன் கிளீனிங் கீது. பன்னெண்டு மணிக்கு மேல ஜன்னல சாத்திக்கோ." நான் அதை நல்ல தமிழில் மாற்றி, கீழே 'அட்மின்' என்று போட்டு அனுப்புவேன். முப்பது பேர் கும்பிடுவார்கள்.

எனக்கு உறுத்தியது. உறுத்தியது என்று சொன்னால் நல்லவள் மாதிரி இருக்கிறது. உண்மையில், அவரைப் பேச வைத்துவிட்டால் ஆபீஸில் காட்டிக்கொள்ள ஒரு கதை கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"ணா, நீங்களே குரூப்ல சொல்லலாம்ல?"

"வேணாம் பாப்பா. மாசாமாசம் கேட் பாஸ் புதுசு பண்ணணும்."

கேட் பாஸ் என்பது கம்பெனிக்குள் நுழையக் காண்ட்ராக்டர் வாங்கித் தரும் அட்டை. மாதக் கடைசியில் செத்துவிடும். ஒன்றாம் தேதி புது அட்டை வந்தால்தான் வேலை. குழுவில் எழுதுவதற்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஏறவே இல்லை. ஆள் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். தயக்கத்துக்கான காரணங்கள் என்று பயிற்சியில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதில் கேட் பாஸ் இல்லை, எழுத்துப்பிழை பயம் இருந்தது. ஆகவே நான் அவருக்கு எழுத்துப்பிழை பயம் என்று முடிவுகட்டி, மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக் குரலில் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். பாவம், மரியாதைக்குக் கற்றுக்கொண்டார்.

போன மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், நாற்றம் வந்தது. வழக்கத்தைவிட மோசம், கண்ணெல்லாம் எரிந்தது. குழு பற்றிக்கொண்டது. ஒருவர் சாம்பிராணி போடச் சொன்னார். ஒருவர் எதிர்வீட்டுக் கருவாட்டைக் குற்றம் சொன்னார். அதற்கு ஓர் 'உண்மை' விழுந்தது. அண்ணன் அப்போது கம்பெனிக்குள் ஷிப்டில் இருந்தார். நான் அவர் பெயரைக் குறித்துப் போட்டேன்: 'அண்ணா, நீங்க உள்ளதான் இருக்கீங்க. தைரியமா பேசுங்க. நாங்க எல்லாம் உங்க குடும்பம்.' ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

இரண்டு நிமிஷத்தில் அவர் குரல் வந்தது. "எல்லாரும் ஜன்னல சாத்திக்கோங்க. மூணாவது லைன்ல லீக்கு. வேல பாத்துகினு கீறோம், அஞ்சு மணிக்குள்ள அடங்கிடும். பயப்படாதீங்க."

அவ்வளவுதான். நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம், பயப்படவில்லை. நான் அந்தக் குரல் பதிவைக் குழுவின் உச்சியில் குத்தி வைத்தேன். 'மௌன உறுப்பினரை மலர வைத்தது எப்படி' என்று ஆபீஸ் நண்பர்களுக்காக ஒரு பதிவும் எழுதினேன். மலர வைத்தேனாம்!

பேசாதவர்களில் இன்னொருவரும் இருந்தார். நாலாவது மாடிக்குக் குடிவந்தவர், அண்ணனுடைய காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். குழுவில் அவரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அன்றைக்கும் எழுதவில்லை. அண்ணனின் குரல் பதிவைத் தன் முதலாளிக்கு அனுப்பினார், அவ்வளவுதான்.

ஒன்றாம் தேதி அண்ணனுக்குப் பாஸ் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, காண்ட்ராக்டர் தன் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, "இது உன் கொரலு தான?" என்று மட்டும் கேட்டாராம்.

நான் தரைத்தளத்துக்கு ஓடினேன். அண்ணி கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு உனுக்கு இன்னாமா ராங்கு பண்ணாரு? பத்து வருசமா கம்முனு வேலைக்கி போய்கினு கீறவரு. பேசு பேசுன்னு உசுப்பேத்திட்டியே."

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "வுடு, அதுக்கு இன்னா தெரியும்." திட்டியிருந்தால் தேவலை. 'அது' என்றார், காலேஜ் படித்த என்னை. சரியாகத்தான் சொன்னார்.

அன்றே குழுவில் எழுதினேன். 'அண்ணன் நமக்காகப் பேசித்தான் வேலை போயிருக்கிறது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் காண்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போகிறோம். யார் யார் வருகிறீர்கள்?' நீலக் குறிகள் ஒழுங்காக விழுந்தன. கைதட்டிய ஒன்பது பேருக்கும் அன்று சொல்லிவைத்த மாதிரி விரலில் வலி. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சூப்பர்வைசர் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டார். அவருடைய முதல் பங்கேற்பு.

"ஊரே வரும்னு சொன்ன?" என்றார் அண்ணன் இன்று காலை, காண்ட்ராக்டர் ஆபீஸ் படியேறும்போது.

"வருவாங்கணா."

"எங்கத்த வர்றது. இஸ்திரி பண்ண சட்ட போட்டுகினு வந்துட்டேன், வா."

மணி இப்போது பத்தே முக்கால். அவரும் நானும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே இன்னும் கூப்பிடவில்லை.