வண்டிக்கு வாய் முளைத்த பிறகு

ஒர்க்‌ஷாப் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முட்டி போட்டு, நசுங்கிய கார்க் கதவைப் பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருக்கிறார் ஒருவர். கண் மூடியிருக்கிறது. பக்கத்தில் காரின் சொந்தக்காரர் விபத்துக் கதையை மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாய் குறுக்கே வந்ததாம். "சொல்லுங்க, சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்கிறார் இவர். முதலில் சொன்னபோது நாய் கறுப்பு. இப்போது அது செவலையாகிவிட்டது. இவர் பெருவிரல் ஓர் இடத்தில் நிற்கிறது. "நாய் காங்கிரீட்ல செஞ்சதுங்களா?" என்று மரியாதையாகவே கேட்கிறார்.

இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட காரைப் பார்த்து, இழப்பீடு தரலாமா கூடாதா என்று கம்பெனிக்கு எழுதுகிற உத்தியோகம். ஒர்க்‌ஷாப்காரர்கள் வைத்த பெயர் 'சந்தேகம் சார்'. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது; கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு. நண்பர் போனில் "இங்க நல்ல மழை" என்றால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகே "ஆமாமா" என்பார். நண்பர் இருப்பது அடுத்த தெருவில்.

"ஓட்டினவன் ஆயிரம் சொல்லுவான் சார். வண்டி வாயில்லாப் பிராணி. அதனாலதான் நான் அதை மட்டும் நம்புறேன்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இத்தனை வருடங்களும் அந்த நம்பிக்கையில்தான் சோறு சாப்பிட்டார்.

அந்த வண்டிக்கும் வாய் முளைத்துவிட்டது. எவ்வளவு வேகத்தில் போனது, எங்கே பிரேக் பிடித்தார்கள், எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றது என்பதையெல்லாம் புதுக் கார்கள் தாமாகவே கார் கம்பெனிக்குச் சொல்லிவிடுகின்றன. ஆபீஸ் கூட்டத்தில் புதிதாக வந்த மேலாளர் அம்மா உற்சாகமாகப் பேசினார். "இனிமே கார் கம்பெனிக்கு வண்டி வித்து வர்ற லாபம் பெருசில்ல. கார் சொல்ற சேதிதான் சரக்கு. கொஞ்ச நாள்ல சொந்தக் கார்னு யாரும் வச்சிருக்கவே மாட்டாங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். இவர் மட்டும் கையைத் தூக்கினார். "அந்தச் சரக்கை வாங்குறது யாரு மேடம்?" அடுத்த படத்தைத் திரையில் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து காரும் இவர் சந்தேகத்துக்குள் வந்துவிட்டது. "பேச ஆரம்பிச்சிடுச்சுல்ல? இனிமே அதுவும் மனுஷன் மாதிரிதான்" என்கிறார். புதுக் காரில் யாராவது ஏற்றிக்கொண்டு போனால் உம்மென்று வருவார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, நாலடி தள்ளிக் கூட்டிப்போய்ச் சொல்வார். சொல்கிற ரகசியம் பெரும்பாலும் பல்வலியைப் பற்றித்தான் இருக்கும்.

இவ்வளவு உஷாரான மனிதர் வீட்டில் நடந்துகொள்வது வேறு கதை. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு, ஊரே சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று ஓட்டக் கற்று, தன் சம்பளத்தில் புதுக் கார் வாங்கியவர். அந்தக் கார் சொல்வதைக் காட்டும் ஆப்பைத் தன் போனில் ஏற்றிக்கொண்டவர் சர்வேயர். "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். கார் புறப்பட்டால் போன் அதிரும். அழுத்திப் பிரேக் போட்டால் அதிரும். சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும்.

"பாலத்துக்கிட்ட ஏன் அப்படி பிரேக் போட்ட?"

"ஒருத்தர் குறுக்க வந்தாருங்க."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

வெளியே நம்பத் தகாதது என்று தள்ளிவைத்த சாட்சியை வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைப்பது எந்த ஊர் நியாயம் என்று அவரிடம் கேட்க ஆளில்லை.

போன வாரம் காரின் பின்கதவில் நீளமாக ஒரு சிராய்ப்பு. "நிறுத்தி வச்சிருந்தேன். யாரோ உரசிட்டுப் போயிட்டாங்க" என்றார் மனைவி, எங்கோ பார்த்துக்கொண்டு. இவர் முட்டி போட்டார். பெருவிரல் பாதி தூரம் போவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் அவருக்கு ஒரு சந்தோஷம் வரும். அன்று வரவில்லை.

"இது ஓடிட்டிருந்த வண்டிம்மா."

"ஆமா, ஓடிட்டுதான் இருந்துச்சு. நான்தான் தூண்ல உரசிட்டேன். உண்மையைச் சொன்னா ஒரு வாரத்துக்குத் துருவுவீங்க, அதான் பொய் சொன்னேன். நான் உங்க பொண்டாட்டியா, இல்ல கிளைம் கேட்டு வந்தவளா?" சாவியை மேஜைமேல் வைத்தார். "இனிமே எனக்குக் கார் வேணாம். பஸ்ஸுலயே போய்க்கிறேன். அது யார்கிட்டயும் கோள் சொல்லாது."

"சரி, இனிமே போனைப் பார்க்கவே மாட்டேன், போதுமா?"

"நீங்களா?" என்று சிரித்தார் மனைவி.

ஊரையெல்லாம் தான் பார்த்த பார்வையை இப்போது தன் மேல் வாங்கிக்கொண்டு நின்றார் மனிதர். பாவமாகத்தான் இருந்தது. மனைவி சொன்னபடியே பஸ்ஸில் போய்வந்தார். அவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்டதை இப்படி மேஜைமேல் போட்டுவிட்டுப் போகிறாளே என்று இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை தானே சாவியை எடுத்து மனைவியின் கையில் திணித்தார். "எடுத்துட்டுப் போ. சத்தியமா ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"அப்ப அந்த ஆப்பை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம், எடுத்துடலாம். வழியில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா...?"

மனைவி போய்க் காரில் ஏறினார். இவர் வாசலில் நின்று போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அதை மதில்மேல் கவிழ்த்து வைத்து, உள்ளங்கையால் மூடினார். கார் தெருமுனை திரும்பியது. கைக்கு அடியில் போன் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. விரல்கள் லேசாக உயர்ந்தன. உடனே இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.